முப்பதில் நின்ற முள்

மச்சான்,

இன்று காலை, நாம் காஸ் எடுக்கும் குண்டசாலை ஷெட்டில் கையுறை தேடியபோது உன்னுடையதுதான் அகப்பட்டது. உள்ளே இன்னும் உன் தலைவலித் தைலத்தின் வாசம். கழற்றி வைக்கவும் மனமில்லை, போட்டுக்கொண்டு நிம்மதியாக வேலை செய்யவும் முடியவில்லை.

நீ வளைகுடாவில் காஸ் ஆலை வேலையை விட்டுக் கம்பளைக்குத் திரும்பிய கையோடு என் கடைக்குத்தான் வந்தாய். நான் நடைபாதையில் தொடங்கிக் கடை பிடித்த வெல்டிங் சாமான் வியாபாரி. சூரியத் தகடு போட்டு, தண்ணீரில் கரண்ட் விட்டு ஐதரசன் எடுப்போம், நகைப் பட்டறைகளுக்கு விற்போம் என்றாய். விடுகிற கரண்டுக்கு எவ்வளவு காஸ் தேறும் என்றுதான் முதலில் கேட்டேன். எடுத்த காஸை அமுக்கிச் சிலிண்டரில் அடைக்கக் கம்ப்ரெசர் வைத்தால் அது கரண்டைக் குடிக்கும். தண்ணீரைப் பிரிக்கிற மெஷினுக்குள்ளேயே அமுக்கத்தோடு எடுத்தால் பிரிக்கும் செலவு சற்றுக் கூடினாலும் மொத்தத்தில் மிச்சம் என்று விளக்கினாய். அப்படியென்றால் அமுக்கத்தை ஏற்றிக்கொண்டே போவோமே என்றேன். நீ சிரித்தாய்.

"கடையப் பெருசாக்கினா வாடகையும் கூடும்டா."

ஐதரசனையும் ஒட்சிசனையும் பிரித்து வைக்கும் திரை வழியாக ஐதரசன் கொஞ்சம் மறுபக்கம் கசியும். அமுக்கம் கூடக் கூடக் கசிவும் கூடும். அதுதான் நீ சொன்ன வாடகை. நல்ல வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. மேகம் மூடினால் உற்பத்தி விழுந்துவிடும், கசிவோ அப்படியே இருக்கும். குறைந்துபோன ஒட்சிசனில் ஐதரசனின் பங்கு ஏறும். அளவு மீறினால் ஒரு பொறி போதும். வியாபாரம் படுத்தாலும் வாடகை குறையாது என்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்?

இன்றைக்கு, நீ கண்மூடிய பிறகு வந்த முதல் பெரிய ஓர்டர். உன் பங்கை இப்போது உன் மனைவி பார்க்கிறாள். கண்டி நகைப் பட்டறை முதலாளி லொறியோடு வந்து, பின்னேரத்துக்குள் சிலிண்டர்கள் நிரம்பாவிட்டால் இனிக் கொழும்பிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மத்தியானம் வரை அமுக்கமானி முள் முப்பதில் அசையாமல் நின்றது. பிறகு ஹந்தானை மலைப் பக்கமிருந்து மேகம் ஏறியது. ஒட்சிசன் குழாயில் ஐதரசன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

அமுக்கத்தை இறக்குவோம் என்றேன். இறக்கினால் சிலிண்டர் நிரம்பாது என்பது அவளுக்கும் தெரியும். வெயில் வந்துவிடும், பொறுங்கள் என்றாள். பொறுத்தேன். எண் பொறுக்கவில்லை.

"அண்ணே, அவரு இருந்திருந்தா ஓட்டியிருப்பாரு."

"அவன் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் இந்நேரம் வெளிய தள்ளியிருப்பான்."

குடும்பச் சண்டை முடிந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு முதலாளி டீ குடிக்கப் போனார். அவள் விறுவிறுவென்று நடந்து மெஷினின் சுவிட்சை அணைத்தாள். மூடியாகிவிட்டது, இப்போது திருப்திதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள். இரைச்சல் நின்றது. மீட்டரில் எண் நிற்கவில்லை. புதிதாக ஒட்சிசன் ஊறாது. அமுக்கமோ உள்ளே அப்படியே இருக்கிறது, கசிவும் தொடர்கிறது. பூட்டிய கடைக்கும் வாடகை ஓடுகிறது, மச்சான்.

சிலிண்டர்களின் வால்வுகளை மூடினேன். மெஷினுக்குள் இருப்பதை வெளியே விட இரண்டு பேர் வேண்டும். நாம் வாங்கிய பழைய மெஷின் இரு பக்க அமுக்கத்தையும் தானாகச் சமன் செய்யாது. ஐதரசன் வால்வு ஒரு சுவரில், ஒட்சிசன் வால்வு எதிர்ச் சுவரில். ஒருவர் முந்தினால் அவர் பக்கம் அமுக்கம் விழும். மற்றப் பக்கத்துக் காஸ் திரையைத் தாண்டிப் பாயும். அதனால்தான் நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையசைப்புக்குத் தலையசைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். அந்த எதிர்ச் சுவரில் எப்போதும் நீதான் நின்றாய்.

அவளை அங்கே போகச் சொன்னேன்.

"என்னால ஏலாதுண்ணே. நான் இதத் தொட்டதே இல்ல."

"பரவாயில்ல. நீ என் மூஞ்சிய மட்டும் பாரு தங்கச்சி."

தலையாட்டினேன். கூரைக்கு மேலே இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சீறின. நிறுத்தினோம். மறுபடியும் கொஞ்சம். ஒரு முறை நான் முந்திவிட்டேனோ என்று கை விறைத்துப்போனது. அவள் கண்ணை எடுக்கவில்லை, தன் வால்வைத் தொடவுமில்லை, எனக்காகக் காத்து நின்றாள். முள் இருபதுக்கு வந்தது, பத்துக்கு வந்தது, கடைசியில் பூச்சியத்தில் படுத்தது.

அரைகுறைச் சிலிண்டர் வேண்டாமென்று லொறி வெறுமையாகப் போயிற்று. நாளைக்கும் மேகம் வந்தால் என்ன செய்வது என்று பிறகு அவளே கேட்டாள். மேகம் தலைகாட்டும்போதே பத்துக்கு இறக்கிவிடுவோம் என்றேன். அப்போது பாதிதானே நிரம்பும் என்றாள். பாதிச் சிலிண்டருக்கு ஆள் பிடிப்பது என் பாடு என்றேன்.

உன் கணக்குகளில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. கை வால்வில் இருக்கும்போது கண் எதிரில் நிற்பவர் முகத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் உடம்பில் ஊறிவிட்டது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கை விறைத்து நான் நின்றுவிட்டேனே, அதற்குப் பிறகு தலையாட்டியது நானல்ல, அவள். அவள் சொன்னபடிதான் நான் திருப்பினேன்.