மாமியார் கட்டை பிளக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
மா. முருகேஸ்வரி,
க/பெ. (லேட்) மாரீஸ்வரன்,
ஜீப் திரும்பும் வளைவுக்கு மேல் வீடு,
மேலப்பூண்டுக்காடு,
இடுக்கி மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
கிராம பஞ்சாயத்து அலுவலகம்.

பொருள்: தனியாக வசிக்கும் முதியோருக்கு மெஷின் மூலம் விறகு பிளந்து தரும் திட்டம் – என் வாசலில் கிடந்த கட்டை என்னைக் கேளாமல் பிளக்கப்பட்டது – பதிலுக்குப் பிளக்க முடியாத கட்டை ஒன்று வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மேற்படி விலாசத்தில் நான் தனியாக வசித்து வருகிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருப்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். இந்த வினையே மலையாளத்தால் வந்ததுதான், அது கீழே வரும். என்னை முதியோர் கணக்கில் சேர்த்தது பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதற்குத் தனி மனு போட்டுக்கொள்கிறேன்.

2. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் மீது எனக்குப் புகார் இல்லை. கோடாலி பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிப்போனவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மெஷின் சாமி மாதிரி. பஞ்சாயத்து நல்லதுதான் செய்தது. அந்த நல்லது என் வாசலுக்கு வந்ததுதான் என் குறை.

3. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது எங்கள் நிலத்து ஓரத்தில் நின்ற கிராண்டிஸ் என்கிற தைல மரங்களை வெட்டினோம். மற்றதெல்லாம் விறகாகிவிட்டது. அடித்தூர் ஒன்று மட்டும் கணுவும் முறுக்குமாக இருந்து எந்தக் கோடாலிக்கும் மசியவில்லை. அவர் பிடிவாதக்காரர். இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். ஆப்பு பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சம்மட்டியைப் போட்டுவிட்டு, “இது எங்கம்மா மாதிரிடி, ஒருத்தருக்கும் மசியாது” என்றார். அன்றிலிருந்து ஊரில் அதற்கு மாமியார் கட்டை என்றே பேர். அந்த மழைக்காலத்திலேயே அவர் காய்ச்சலில் காலமாகிவிட்டார். கட்டையும் அதில் மாட்டிய ஆப்பும் வாசலில் அப்படியே கிடந்தன.

4. ஐயா அவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன். ஜீப் என் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவு வரைதான் வரும். மேலே குடியிருப்பவர்கள் அங்கே இறங்கி என் வாசலைத் தாண்டித்தான் நடந்து போக வேண்டும். தனியாக இருக்கும் பெண் வீட்டு வாசலில் ஒரு ஆண்பிள்ளை காரணமில்லாமல் நின்றால் என்ன பேசுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் கட்டையில் இரண்டு போடு போட்டுப் பார்க்க நின்றால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. வெடிக்காத கட்டையைக் கண்டால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. அதனால் கோடாலியைக் கட்டைமேலேயே சாய்த்து வைத்திருந்தேன்.

5. கொழுந்தன் முறையுள்ள பொன்ராஜ் பூண்டுக்காட்டுக்குப் போகும்போது நிற்பார். “என்ன மதினி, மாமியா இன்னும் மசியலையா?” என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றுவார். ஜீப் ஓட்டும் ராஜசேகர் ஆள் சேரும்வரை மேலே வந்து ஒரு கை பார்ப்பார். அவரிடம், “நேத்துப் பொன்ராஜ் பாதி பிளந்துட்டாராக்கும்” என்பேன். பொன்ராஜிடம் ராஜசேகரைப் பற்றி அதையே சொல்வேன். இரண்டும் பொய்தான். ஆப்பைக் கையால் ஆட்டிப் பிடுங்கப் பார்க்கிறவர்களிடம், ஆப்பசைத்த குரங்கு கதை தெரியுமா, வாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். தோற்றவர்களுக்குக் கட்டன் சாயா உண்டு. ஜெயித்தவர் யாரும் இல்லாததால் எல்லோருக்கும் உண்டு. அவர்களைத் தேடி வீட்டுப் பெண்கள் வருவார்கள். “வீட்டுல வெறகு வெட்டச் சொன்னா இடுப்பு வலி, இங்க வந்தா மட்டும் வலிக்கலையோ?” என்று பொன்ராஜின் சம்சாரம் கேட்கிற கேள்விக்கு ஊரே சிரிக்கும். யாருக்குப் பெண் பார்த்தார்கள், மூணாறில் பனி எப்படி, எவன் கேரட்டைப் பன்றி தோண்டியது என்று எல்லாச் சேதியும் என் வாசலுக்கு வந்துவிடும். நான் எங்கும் போக வேண்டியதில்லை.

6. இப்படி இருக்கையில் மெஷின் ஓட்டும் ரிஜின் என்ற தம்பி திட்டத்தில் சேர்ந்தவர்களை விசாரித்துக்கொண்டு வந்தார். தொடுபுழைப் பக்கத்துப் பிள்ளை, ஊருக்குப் புதிது, தங்கமான குணம். “அம்மச்சீ, அவசரம் கிட்டியோ?” என்று கேட்டார். அவசரமா என்று கேட்கிறார் என நினைத்து, “எனக்கு அவசரமே இல்ல தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, மெஷினுக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த அம்மாவுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவே இல்லையே என்று அந்தத் தம்பி மனம் இளகி, மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளி, மறுநாளே மெஷினை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் அப்போது காட்டில் பூண்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

7. நான் திரும்பி வரும்போது என் வாசல் நிறைய ஆட்கள். என் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்குப் பிறகு அவ்வளவு பேரை அங்கே பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிப்பானேன். கிட்டே வந்த பிறகுதான் எதைப் பார்க்க நிற்கிறார்கள் என்று தெரிந்தது. மாமியாரைப் படுக்கவைத்து மெஷின் ஒரே அழுத்தாக அழுத்தியதாம். முனகிக்கொண்டே இரண்டாக விரிந்துவிட்டாள் என்று ராஜசேகர் நடித்தே காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். சுவர் ஓரமாக விறகு ஒரே அளவில் அழகாக அடுக்கியிருந்தது. ரிஜின் அந்த ஆப்பைத் துடைத்து, எண்ணெய் போட்டு என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கடைசியாக அடித்துவிட்டுப் போன அடி அதில்தான் நின்றிருந்தது. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? நல்லா இருப்பா என்று சொல்லி, எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்தேன். உள்ளே போய் அடுப்புப் புகையில் அழுதேன்.

8. அதுதான் கடைசிக் கூட்டம். மனிதர்கள் இப்போதும் அதே வழியாகத்தான் போகிறார்கள். யாருக்கும் என்மேல் கோபம் கிடையாது. “சௌக்கியமா மதினி?” என்று பொன்ராஜ் நடந்துகொண்டே கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மேட்டில் ஏறியிருப்பார். நிற்க அவருக்கு ஒரு சாக்கு இல்லை. சாயா குடிக்க வாருங்கள் என்று நானாகக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. ஒருநாள் கோடாலியை எடுத்து வெறும் தரையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். யாரோ அது கீழே விழுந்துவிடும் என்று பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள்.

9. திருப்பூரில் இருக்கும் என் மகள் சித்ரா, இங்கே வந்துவிடு அம்மா, கேஸ் அடுப்பில் சமைக்கலாம் என்கிறாள். கேஸ் அடுப்பு என்னிடமும் இருக்கிறது. குளிருக்குத்தான் விறகு. பிளந்து கொடுத்த விறகைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே எரிகிறது. அதன் முன்னால் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன்.

10. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

(அ) நல்ல கணுவும் முறுக்கும் உள்ள கிராண்டிஸ் அடித்தூர் ஒன்றை, ஊரில் உள்ள எவராலும் பிளக்க முடியாததாகப் பார்த்து, என் வாசலில் இறக்கித் தரும்படியும்,

(ஆ) மெஷின் அந்தக் கட்டையின் பக்கம் வராதபடி ரிஜின் தம்பிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் உத்தரவு போடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அவரைக் கண்டிக்க வேண்டாம். மெஷின் இல்லாமல் வந்தால் அவரும் கோடாலி போட்டுப் பார்க்கலாம்.

ஆப்பு என்னிடம் இருக்கிறது. அதை நானே அடித்து மாட்டிக்கொள்வேன்.

இம்மனுவுக்குத் தபாலில் பதில் அனுப்ப வேண்டாம். சரி என்றாலும் முடியாது என்றாலும், யாராவது ஒருவர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும். சாயா போட்டுத் தருகிறேன்.

இடம்: மேலப்பூண்டுக்காடு
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
மா. முருகேஸ்வரி