லுகானோவுக்குப் போகாத கோடைகள்

மச்சான், இன்று காலை ஒன்பது மணி இடைவேளையில் எங்கள் வேலைத்தோழர் ஹன்ஸ் சுவர்ப் பலகையிலிருந்து கோடைத் தபாலட்டைகளைக் கழற்றினார். எங்கள் தொழிற்சாலையில் கோடை முடிந்ததற்கு அதுதான் அறிவிப்பு என்று உனக்குத் தெரியும். விடுமுறைக்குப் போனவர்கள் கடற்கரையிலிருந்தும் மலையிலிருந்தும் அனுப்பிய படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேசைக்கு வந்தன. வெளியே எங்கள் லாங்கன்தால் ஊர் முழுவதும் பனிப்புகார். நான் கோப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அந்தக் கட்டுக்குள் இந்த முறை என்னுடைய அட்டையும் ஒன்று இருந்தது. லுகானோவிலிருந்து! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கோடையில் தொழிற்சாலை மூடும் அந்த இரண்டு கிழமை விடுமுறையில் நாங்கள் எங்கே போனோம், சொல்லு பார்ப்போம்? ஒரு வருடம் பூம்ப்ளிஸில் கலியாணம், ஒரு வருடம் கூர் நகரில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, இடையில் கோயில் தேர். எந்த மண்டபத்தின் முன்வாசலையும் நாங்கள் கண்டதில்லை. சமைக்கப் பின்கதவால் போய்ப் பின்கதவால் வருவோம். நீ சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் பெரிய அகப்பையோடு, நான் ஒரு மூட்டை வெங்காயத்தோடு. மணப்பெண்ணின் முகத்தைப் பிறகு வீடியோவில்தான் பார்ப்போம். சோறு நன்றாக வந்தால் அது உன் கைப்பக்குவம், கறியில் உப்புக் கூடினால் அது என் பிழை. அப்படித்தான் பேச்சு.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் திங்கட்கிழமை, எங்கே போனீர்கள் என்று ஹன்ஸ் கேட்பார். ‘சாமத்தியவீடு எண்டால் என்னெண்டு இவருக்கு டொச்சுப் பாசையிலை விளங்கப்படுத்திறதுக்குள்ளை பிறேக் முடிஞ்சிடும்’ என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, நீயாகவே ‘லுகானோ’ என்று சொல்லத் தொடங்கினாய். ஒருதரம் சொன்னதோடு விட்டாயா? வருடாவருடம் லுகானோதான். ஒருநாள் வாய் நீண்டு, அங்கே கடல் என்ன வடிவு, அலை ஆளையே அடித்துக்கொண்டு போகிறது என்றும் சொல்லிவிட்டாய். சுவிஸிலேயே கடல் இல்லை, லுகானோவில் ஏதடா கடல்? அங்கே இருப்பது ஏரி! ஹன்ஸ் சிரித்த சிரிப்பில் கோப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

பிறகு உண்மையைச் சொன்னோம். யாருக்குச் சமைக்கிறீர்கள், சொந்தக்காரருக்கா என்று கேட்டார். பாதிப் பேரை யாரென்றே தெரியாது என்றாய். இதையா விடுமுறை என்கிறீர்கள் என்று மனிதர் தலையில் கை வைத்தார். அன்று பின்னேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது, ‘ஒருக்கா எண்டாலும் அந்த லுகானோவைப் பார்த்திட வேணும் மச்சான்’ என்றாய். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போன வருடக் கோடையில் நான்தான் நாள் பார்த்து இரண்டு பேருக்கும் ரயில் சீட்டு எடுத்தேன். சனிக்கிழமை பயணம். வியாழன் பின்னேரம் பூம்ப்ளிஸிலிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை மகளின் சாமத்தியவீடு. சமைக்க வருவதாக இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அந்த மனிதர் அழாக்குறையாகக் கதைத்தார். உன்னை ஒரு சொல் கேட்காமல் நான் ‘ஓம், வாறம்’ என்று சொல்லிவிட்டேன்! தொலைபேசியை வைத்த பிறகுதான் லுகானோ நினைவுக்கு வந்தது. உன் வீட்டு வாசலில் நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ‘என்ன செய்யிறது மச்சான், லுகானோ ஒரு இடமும் ஓடாது’ என்றாய்.

லுகானோ ஓடவில்லை, நீதான் போய்விட்டாய். மாசி மாதத்தில் ஒரு காலை, நெஞ்சு நோகுது என்று சொன்னாயாம், அவ்வளவுதான். செத்தவீட்டில் எல்லோரும் உன்னை நினைத்து அழுதார்கள். நான் அந்த ‘ஓம்’ என்ற சொல்லையும் நினைத்து அழுதேன். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டவன் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு நாள். அதையும் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டேனே! எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்தக் கோடையில் சமையலுக்குக் கேட்டு வந்த எல்லோருக்கும் ஏலாது என்று சொன்னேன். உன் மனைவியையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு லுகானோவுக்கு ரயில் ஏறினேன். மலையைக் குடைந்த பாதையால் போய் மறுபக்கம் வெளிப்பட்டதும் வெயிலில் கண் கூசியது. ஏரிக்கரையில் பனை மாதிரி மரங்கள் நிற்கின்றன. ‘இதிலை நொங்கு வருமோ?’ என்று என் மனைவி கேட்டாள். கரையோர வாங்கில் அமர்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம், பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. திரும்பும் ரயிலுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. சும்மா இருந்து பழக்கமில்லாத கை, எனக்குப் பெரிய கரைச்சலாகப் போய்விட்டது.

மனதில் கிடந்ததை அங்கேதான் உன் மனைவியிடம் சொன்னேன். ‘தங்கச்சி, அண்டைக்கு நான் ஓம் எண்டு சொல்லியிருக்கக் கூடாது. அவன்ரை ஆசையைக் கெடுத்துப்போட்டன்.’

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ‘உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? அந்த மனிசன் முதலிலை இவருக்குத்தான் போன் எடுத்தது. இவருக்குப் போய்ச் சமைக்க ஆசை. ஆனால் நீங்கள் ஆசையா சீட்டெல்லாம் எடுத்து வைச்சிருக்கேக்கை எப்பிடி வரேல்லை எண்டு சொல்லுறது? அதுதான் உங்கடை நம்பரைக் குடுத்தவர். என்ரை பேரைச் சொல்லாதேங்கோ, அவனைக் கேளுங்கோ, அவன் ஓம் எண்டால் நான் வாறன் எண்டு அந்த மனிசனிட்டைச் சொன்னவர். நீங்கள் வந்து வாசல்லை நிக்கேக்கை எங்கடை பால்கனியிலை சமையலுக்கு வெங்காயம் ஏற்கெனவே வந்து இறங்கீட்டுது.’

கள்ளப்பயலே! என்ன நடிப்படா அது! ஆறு மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே. எனக்கு மட்டும் லுகானோவில் என்ன கிடந்தது? நீ ஆசைப்படுகிறாய் என்றுதானே சீட்டு எடுத்தேன்! வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இருவருமாகச் சிரித்துக்கொண்டே வெங்காயம் உரித்திருப்போம். அந்த வாங்கிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, திரும்பவும் சிரிப்பு வந்தது. இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பக்கத்துக் கடையில் ஓர் அட்டை வாங்கி, ‘கடலைத் தேடுகிறோம், இன்னும் கிடைக்கவில்லை’ என்று ஹன்ஸுக்கு எழுதிப்போட்டேன்.

நேற்று கூரிலிருந்து கேட்டார்கள், அடுத்த மாதம் ஒரு கலியாணமாம். கிடாரத்துக்குப் பக்கத்தில் நான் தனியாக நிற்கப்போவது இதுதான் முதல்தடவை. சோறு குழைந்தால் சனம் என்னைத்தான் ஏசும். ஆனாலும் நீ அந்த மனிதரிடம் சொன்னதுதான் காதுக்குள் நின்றது. ‘அவன் ஓம் எண்டால் நான் வாறன்.’

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன், மச்சான்.