பைராம் தோட்டம், புதன்கிழமைப் பதிவுகள்

செப்டம்பர் 2, 2025, செவ்வாய்

பைராம் தோட்டத்தில் போன் சிக்னலை எங்கள் கம்ப்யூட்டர் மாடல் பிழையே இல்லாமல் கணிக்கிறது என்று கிளிஃபர்ட் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். மேனேஜர் ஆயிற்றே, சந்தோஷப்படட்டும். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. செம்பனை மரங்களுக்குள் சிக்னல் எங்கே ஒழுங்காக நின்றிருக்கிறது? கோபுரத்திலிருந்து வரும் அலை மட்டையில் பட்டு, லோரியில் பட்டுச் சிதறித்தான் போனுக்கு வரும். அளவெடுக்கும் கார் ஓட ஓட அது மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்சத்தை மட்டும் அளந்துவிட்டு மீதியை ஊகிக்கத்தான் மாடலுக்குப் பாடம் நடத்துகிறோம். ஜார்ஜ்டவுன் நகரத்திலேயே தடுமாறுகிற மாடல் தோட்டத்தில் மட்டும் எப்படி முதல் மார்க் வாங்கும்?

குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கண்டுபிடிக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

முதல் சந்தேகம் நூர் ஃபாத்திஹா மேல். மாடலுக்குப் பாடம் நடத்துவது அவள்தான். பரீட்சைக்கு ஒதுக்கிய ஃபைல்களைப் பாடத்தோடு கலந்துவிட்டாளோ? அவள் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாவற்றையும் அலசினேன். சுத்தம். திரும்பி வந்தவள் எனக்கும் ஒரு கரிபாப் வாங்கி வந்திருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாடலில் குறை இல்லை, பதிவில்தான். பைராம் என்று பெயர் போட்ட ஃபைல்கள் எல்லாம் புதன்கிழமை எடுத்தவை. சிக்னல் அசையவே இல்லை. ஓடுகிற காரில் அப்படி இருக்காது. கார் எங்கேயோ நின்றிருக்கிறது. எங்கே என்று பார்க்கப் போனால், இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பகுதி காலி. நிற்கிற காரைக் கணிக்க மாடல் எதற்கு? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்தக் காரை ஓட்டுவது தனேஷ். என் வீட்டுக்காரர்.

செப்டம்பர் 6, சனி

பேச்சுவாக்கில் கேட்டேன். "செம்பனைக்குள்ள ஜிபிஎஸ் பிடிக்கல லா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் மட்டும் யோக்கியமா? மாடல் தேறிவிட்டால் அடுத்த வருஷம் அளவெடுக்கும் காரும் வேண்டாம், ஓட்டுநரும் வேண்டாம் என்று ஜூன் மாதமே கிளிஃபர்ட் சொன்னார். வெளியே விடாதே என்றும் சொன்னார். நான் வீட்டிலும் விடவில்லை. தீபாவளி போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனுஷனுக்குத் தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் பதிவைக் கெடுக்கிறாரா?

செப்டம்பர் 9, செவ்வாய்

கோபுரத்தின் எண் சிக்னலுக்குள்ளேயே இருக்கும். பிரித்துப் பார்த்தேன். பைராம் இல்லை. பக்கத்து ஊரான நிபோங் திபால்கூட இல்லை. தொலைவில், ஃபேக்டரி ஊரான பிறை.

பிறையில் யார் இருக்கிறார்கள்? லோகேஸ்வரி இருக்கிறாள். எனக்கு முன்னால் இவனுக்குப் பேசி, நின்றுபோன பெண். எங்கள் கல்யாணத்துக்கு வந்து, என் கையைப் பிடித்து, "நல்லா பார்த்துக்குங்க" என்று சொன்னாளே, அவள்தான்.

புதன்கிழமை வந்தால் மட்டும் இவன் சட்டையை இவனே துவைக்கிறான். மற்ற நாளெல்லாம் நாற்காலியில்தானே தொங்கும்? எத்தனை புதன் போயிருக்கிறது — நான் ஒரு மடச்சி!

செப்டம்பர் 10, புதன்

லீவு போட்டேன். கடல் பாலம் தாண்டி, பிறையில் அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். லோகேஸ்வரி வீடு எது என்று தெரியாது. தெரிந்திருந்தால் நேரே அங்கேதான் போயிருப்பேன்.

கம்பெனி கார் ஃபேக்டரி வரிசைக்குப் பின்னால் ஒரு கொட்டகை முன் நின்றது. உள்ளே ஆள் இல்லை. டாஷ்போர்டில் பதிவுப் பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். தனேஷ் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து, ஒரு மூட்டை அடுக்கைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் நின்ற பயிற்சிக்காரர் மலாயில் கத்திக்கொண்டிருந்தார்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். "உங்க மாடல் பாஸாச்சுன்னா நான் ஓட்டுறதுக்குக் காடி இல்ல. ஜெயராஜ் ஜூலையிலேயே சொல்லிட்டான். அதான் இதைக் கத்துக்கிறேன்." ஜெயராஜ் இன்னொரு ஓட்டுநர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீயே சொல்றியான்னு பார்த்தேன்."

பார்த்தானாம்! ரெண்டு மாசமா என் எதிர்ல உட்கார்ந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே பார்த்திருக்கான். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். மீதிப் பாதியை அவர் மேல் கொட்டினேன். "அதுக்காகப் பொய்ப் பதிவா? இதை நம்பிக் கோபுர செட்டிங்கை மாத்திட்டாங்கன்னா தோட்டத்துல போன் பாதியில கட்டாகும். ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா ஆம்புலன்ஸக்கூடக் கூப்பிட முடியாது. யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நாளைக்கு அந்த ஃபைலெல்லாம் எடுத்துருவேன். ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லியாகணும்."

"சொல்லு" என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கிளிஃபர்ட் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். விரட்டுவதற்கு முன் அவரே வேலையை விட்டுவிட்டார். ஆபீசில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். வீட்டில் அதுவும் இல்லை. சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது — அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அக்டோபர் 8, புதன்

ஜெயராஜ் நிஜமாகவே பைராம் தோட்டத்துக்குள் ஓட்டி எடுத்த பதிவைப் போட்டோம். மாடல் மண்ணைக் கவ்வியது. மழை நாளில் இன்னும் மோசம். கிளிஃபர்ட் முகம் தொங்கிப்போனது. ஃபாத்திஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வரலாமா? வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

அளவெடுப்பு இன்னொரு வருஷம் தொடருமாம். ஓட்ட ஆள் போதவில்லை. "தனேஷ் தப்ப ஒத்துக்கிட்டாருல்ல, திரும்பி வருவாரான்னு கேளு" என்று காலையில் கிளிஃபர்ட் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"மத்தியானமே கிளிஃபர்ட் போன் பண்ணிட்டாரு. வரலன்னுட்டேன். தீபாவளி முடிஞ்சதும் பிறை ஃபேக்டரியில சேரச் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு நின்னீங்க?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன் லா." சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்குப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது.

"தெரியல காமினி" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.