மூலை வெட்டிய அட்டைகள்

8-7-96, திங்கள்
காலையிலிருந்து சாரல். காற்று பலம். மூக்குக் கண்ணாடிக்குத் திருகு போட வேண்டும்.

கல்லூரி ஆசிரியை சுகந்தி (இனி சு.) அனுப்பிய கட்டு வந்தது. மில்கள் தொழிலாளர் விவரங்களை எப்படி வைத்திருந்தன, யாருக்குக் கொடுத்தன என்ற ஆராய்ச்சி. அச்சுக்குப் போகுமுன் பதிவேடு தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். சம்பளமில்லை. மில் டைம் ஆபீசில் ஆயுள் முழுக்க ஆள் அட்டை எழுதியவன் என்று தபால் போட்டேன். போட்டபின் நாலு நாள் வருத்தம். எனக்கு என்ன தகுதி?

மனைவி கமலம்: "செய்யுங்க, செய்யுங்க. ரேடியோவையாச்சும் திருகாம இருப்பீங்க."

10-7, புதன்
இரண்டு அத்தியாயம் முடிந்தது. நல்ல உழைப்பு. மூடிய மில்லின் அட்டைகளை உக்கடத்தில் பழைய பேப்பர் கடையில் மூட்டையாகப் பிடித்திருக்கிறார். எங்கள் மில். ஜெராக்ஸில் என் கையெழுத்து.

பக். 14: கூட்டல் தவறு.
பக். 19: பதிலி ஆட்களுக்கு ஒவ்வொரு முறையும் புது டோக்கன். ஒரே ஆளை இரண்டாக எண்ணியிருக்கிறார்.

மாலை இஸ்திரி வண்டி ரங்கசாமி துணி கொடுத்துவிட்டு, கேட்டைப் பிடித்தபடி இருமினார். அதே மில்தான் அவரும். அவர் பஞ்சு உடைக்கும் பக்கம், நான் ஆபீஸ்.

11-7, வியாழன்
பக். 31. அதற்குமேல் படிக்க முடியவில்லை.

"சில அட்டைகளில் வலது மூலை இல்லை. பழமையால் சிதைந்திருக்கலாம்." அடுத்து: "நோய் விவரம் மற்ற மில்களுக்குப் போனதாகத் தொழிலாளர் சொல்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை."

சிதையவில்லை. வெட்டியது. நான்.

டாக்டர் பஞ்சுத் தூசி இருமல் என்று சொன்ன ஆளின் அட்டையில் மூலையை வெட்ட வேண்டும். மேனேஜரின் வாய்மொழி உத்தரவு. எழுத்தில் எதுவும் கூடாது. அந்த ஆள் வேறு மில்லில் வேலை கேட்டால், அங்கிருந்து பழைய அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள். மூலை இல்லையென்றால் வேலை இல்லை. அடுக்க வசதி என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒரே மாதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகும் வெட்டினேன். கோணாமல், ஒரே அளவாக.

அந்தக் கத்தரி வீட்டில்தான் இருக்கிறது. கமலம் பால் பாக்கெட் வெட்டுகிறாள்.

13-7, சனி
சற்று வெயில். பூத்திலிருந்து சு.வுக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுதானுங்க சார் எங்க தேடியும் கிடைக்கல. ஆனா யார் சொன்னதுன்னு போடாட்டி வதந்திம்பாங்க. உங்க பேரு போட்டுக்கலாமுங்களா?"

யோசிக்கிறேன் என்றேன்.

"கட்டாயமில்லைங்க சார். இல்லாட்டி இருக்கிறபடியே விட்டுடறேன்."

ரிசீவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். பூத்காரர் கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, பேசறீங்களா, சாமி கும்புடறீங்களா?"

கமலத்திடம் சொன்னேன். அவள், "நீங்க மட்டுமா வெட்டுனீங்க?"

நான் மட்டும்தான்.

14-7, ஞாயிறு
ரங்கசாமி துணி எடுக்க வந்தார். மில்லை விட்டபின் வேறெங்கும் சேரவில்லையா என்று கேட்டேன்.

"ஏறாத வாசல் இல்லைங்க. பழைய கார்டு வரட்டும்பாங்க. வந்ததும் 'போயிட்டு வாங்க'ன்னு வாட்ச்மேனே கும்பிட்டு அனுப்பிச்சுப்போடுவாரு. எங்கூட்டுக்காரி, உங்க மூஞ்சி ராசி அப்படிம்பா." சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

சொல்லிவிட்டேன். அட்டை, மூலை, கத்தரி. நாலே வாக்கியம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் போட்ட எங்கள் துணி மூட்டையை இறக்கி மதில் மேல் வைத்தார்.

"கரி ஈரமாப் போச்சுங்க. வேற ஆள்கிட்டக் குடுத்துக்குங்க."

'ங்க' மட்டும் குறையவில்லை.

15-7, திங்கள்
மறுபடி சாரல். திருகு போடவில்லை. கண்ணாடியை நூலால் கட்டியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு இஸ்திரி வண்டி போயிற்று. பெட்டியில் கரி நன்றாகவே கனன்றது. நம் வாசலில் நிற்கவில்லை.

பக். 31க்குத் தனித்தாள் எழுதினேன். இரண்டு முறை கிழித்து, மூன்றாவதில் சரி. கீழே முழுப் பெயர், பதவி, வேலை பார்த்த வருடங்கள். கையெழுத்து. கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆர்.எஸ்.புரம் தபால் ஆபீஸ். ரிஜிஸ்தர் தபால். ரசீது இந்தப் பக்கத்தில் குத்தியிருக்கிறது.