அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ்

என் ஆசை அப்பாவுக்கு,

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் உங்கள் மகள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாள். போன வியாழக்கிழமை வாக்கிய வகைகள் நடத்தினேன். செய்தி சொல்ல ஒன்று, கேள்வி கேட்க ஒன்று, வேலை ஏவ ஒன்று, வியந்து பேச ஒன்று.

"ஏவுற வாக்கியம் மட்டுமே தெரிஞ்ச ஆளு இருப்பாங்களா டீச்சர்?" என்றாள் ஷாலினி. நீங்கள்தான் கண்முன்னால் வந்து நின்றீர்கள்.

சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் துரை பங்களாவுக்குச் செடிகொடி பார்த்தீர்கள். துரை உங்களிடம் பேசியதுதான் நீங்கள் கற்ற இங்கிலீஷ். கம் ஹியர். கட் திஸ். குயிக். சாப்பிட்டாயா என்று அந்த மொழியில் யாராவது உங்களைக் கேட்டிருப்பார்களா அப்பா?

ரிப்போர்ட் கார்டு நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, படிய வாரிக்கொண்டு என் ஸ்கூலுக்கு வந்தீர்கள். டீச்சரைக் கும்பிட்டு, "சிட் டவுன்! ஷோ புக்! குயிக்!" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்ததிலேயே மரியாதையான இங்கிலீஷ் அது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

யார் இவர் என்று டீச்சர் மலாயில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று நானும் மலாயிலேயே சொன்னேன். உங்களுக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்பது இந்தப் பாவிக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினீர்கள். "வாங்க பாப்பா, ஒங்க அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிக்கலாம்" என்றீர்கள். பெற்ற மகளை 'வாங்க' என்றீர்கள். என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் வரைக்கும் இரண்டடி பின்னாலேயே வந்தீர்கள்.

பாதி வழியில் நான் அழுதேன். திரும்பிப் பார்க்காமல் "டோன்ட் கிரை" என்றீர்கள். அதுவும் ஏவல்தான். அப்படி என்னை அதற்குப் பிறகு யாரும் ஏவவில்லை.

கடைசிவரை நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டபோதாவது நான் வாய் திறந்திருக்கக் கூடாதா?

இதைவிடக் கேவலம் போன வியாழக்கிழமை நடந்தது. நீங்கள் என் ஸ்கூலுக்கு வந்த கதையைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். "யாரு டீச்சர் அது?" என்றாள் ஷாலினி. தலை நரைத்த இந்த வயதில், "எங்க எஸ்டேட்ல ஒருத்தரு லா" என்றேன். சீ, நானெல்லாம் என்ன பிறவி!

வருகிற வியாழக்கிழமை உங்கள் போட்டோவை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். அந்த மனுஷன் என் அப்பா என்று பலகையில் பெரிதாக எழுதி, எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டுப் படிப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்கள் மேல் சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பெற்ற மகள்,
செல்வி