காவ்யாவும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்

என் மல்லிகா அக்கா,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உன்னிடம் சொல்ல நல்ல செய்தி ஒன்றாவது சேரட்டும் என்று எழுதாமலே இருந்தேன். சேரவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தோம். காலையில் நீ சோறு வடித்தால் நான் துணி துவைப்பேன். இரண்டு பேர் இருந்ததால் வண்டி ஓடியது.

மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்தும் சிரித்தாயே, "கம்பெனிக்கு லீவு போட்டுடலாம் சாந்தி. வீட்டுக்கு யாராண்ட லீவு கேக்குறது?" என்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

உன் காரியம் முடிந்த மறுநாள் மாமா என்னிடம் கேட்டது, "காலைல டிபன் இன்னாம்மா?" என்பதுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உன் வீட்டுக்காரருக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "இந்த லைனுக்கு நீயே சூப்பர்வைசரா இரும்மா." நம் லைனில் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் அதைக் கொடுத்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் கிளம்பிய பிறகும் இருந்து வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு, யாரு வேணாம்னா? சாயங்காலம் சோத்துக்கு இன்னா பண்றது?" என்றார்.

மாமா உடனே வழி சொன்னார். "காவ்யா காலேஜ் போயி இன்னா ஆவப்போவுது? வீட்ட அவ பாத்துக்கட்டும்."

உன் மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கெல்லாம் முன்னுக்கு வர்ற ஆசையே இல்ல," என்றார். வெளியிலிருந்து ஓர் ஆண் அந்த வேலைக்கு வந்தார்.

போகட்டும், அவள் படிப்பாள் என்று இருந்தேன். அடுத்த மாதமே மாமா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் ஆள் குறைத்தார்கள். அவர் காவ்யாவைக் காலேஜிலிருந்து நிறுத்திவிட்டார். உன் மகன் தினேஷின் படிப்பில் கை வைக்கவில்லை.

"இன்னும் ஒரு வருஷந்தான மாமா? முடிச்சிரட்டும்," என்று கெஞ்சினேன்.

"எவ்ளோ படிச்சாலும் போற எடத்துல சோறுதானே ஆக்கணும்?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் வேலை, அவள் படிப்பு, இரண்டில் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா அக்கா?

இப்போது உன் மெஷினில் அவள் உட்காருகிறாள். மாமா பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் வந்துதான் உலை வைக்கிறோம்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள், திரும்பும்போது பஸ்ஸில் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே வந்தாள். முன்சீட்டிலிருந்து நம் லைன் நசீமா திரும்பி, "கொஞ்ச நாள்ல பழகிடும்டி," என்றாள். பின்னாலிருந்தும் யாரோ அதையே சொன்னார்கள். "நெஜமாவா சித்தி?" என்று கேட்டாள் உன் மகள். நான் அவள் விரல்களை அமுக்கிவிட்டேன்.

அவளை இதிலிருந்து மீட்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை அக்கா. ஒன்று மட்டும் கொடுக்கிறேன். பழகிடும் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உன் ஓரகத்தி,
சாந்தி