அக்காவின் டப்பாவில் இருந்தவை

12 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும், வலி இன்று எப்படி இருக்கிறது? உங்கள் மாத்திரையை மாற்றும்படி இந்த ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா உங்களைக் கவனிக்கும் நர்ஸிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டார். காரணத்தை நான்தான் எழுத வேண்டுமாம்.

முந்தாநாள் காலை குளியலறையில் நீலம் பாரித்துக் கிடந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் கதவை உடைத்து அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார். ஊசி போட்டதும் மூச்சு வந்தது. கூடவே வாந்தியும் பேதியும். ஒரு நர்ஸ் பெண் என் பேண்டைக் கத்தரித்து எடுத்தாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா தாத்தா?" என்றாள். அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

"எத்தனை வலி மாத்திரை சார் போட்டீங்க?" என்றார் டாக்டர் அம்மா.

"ஆறு."

"யாரோடது?"



உங்களுடையது, அக்கா. என் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கொடுத்துவந்த இதே வலி மாத்திரையை நிறுத்தினார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. ஞாயிறுதோறும் உங்களைப் பார்க்க வந்தபோது டப்பாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு, அதே அளவில் கால்சியம் மாத்திரைகளைப் போட்டுவைத்தேன். நாலு மாதம். நீங்கள் வலியில் தலையணையைக் கடித்தபோது உங்கள் காலைப் பிடித்துவிட்டதும் இதே கைதான். என்னை நினைத்தாலே குமட்டுகிறது.

உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அம்மா நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். அப்படி ஒரு கசப்பு.

"மாத்திரைக்கு மாத்திரையா?" என்றேன்.

"இது அந்த ஏக்கத்த அடக்கும் சார். தினமும் போடணும். அப்புறம் வாங்கன்னு அனுப்பினா பாதிப் பேர் வரதே இல்ல. அதான் இங்கயே ஆரம்பிச்சிடறோம்."

தொடர்வேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு தரம் வந்து உங்கள் முகத்தைப் பார்க்கலாமா?

தங்கள் தம்பி

19 மார்ச்

தம்பிக்கு,

வலி இப்போது பாதிதான். மாத்திரை போட்டும் வலி அடங்காததால் நோய் முற்றிவிட்டதென்று நினைத்து என் புடவைகளையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். கட்டிக்கொள்ள இரண்டுதான் மிச்சம்.

நீ பிடித்துவிட்ட காலை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அருவருப்பு போகவில்லை. நீ வராதே.

மாத்திரையை மட்டும் விடாதே. நீ செத்தால் நான் அழ வேண்டியிருக்கும். உனக்காக அழ எனக்கு இஷ்டமில்லை.

அக்கா

23 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

வரமாட்டேன். இன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டேன். நாளைக்கும் போடுவேன் என்று சொல்லத் துணிவில்லை. நாளை, போட்டுக்கொண்ட பிறகு எழுதுகிறேன்.

தம்பி